ரோட், ஸ்ட்ரீட், லேன்: கொழும்பு வீதிகளை வைத்து ஒரு பதில்

வெள்ளவத்தையில் வசிக்கும், சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. ஆங்கிலப் பாடத்துக்கு "நான் வாழும் வீதி" என்று கட்டுரை எழுதியிருக்கிறார். "ரோட் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒத்த சொற்களைப் பயன்படுத்துங்கள்" என்று ஆசிரியர் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அவரும் அகராதியைப் பார்த்து ஓரிடத்தில் ஹைவே, இன்னோரிடத்தில் அவெனியூ, பிறகு பொலெவாட், ரூட் என்று மாற்றி எழுதினார். அடுத்த முறை அந்தச் சொற்கள் எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். "ஒத்த சொல் என்றால் ஒரே பொருள் தரும் சொல் என்றுதானே படித்தோம்? பிறகு எப்படி எல்லாம் பிழையாகும்? ரோட் என்ற சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு அகராதியை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் கொழும்பில் இருப்பவருக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் ஆங்கிலத்தில் வீதியைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை இந்த நகரத்தின் பெயர்ப்பலகைகளிலேயே இருக்கின்றன.

முதலில் நேரடியான பொருள். ரோட் என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காக அமைத்த வழி. அதில் வாகனம் ஓட வேண்டும், அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். இருபுறமும் வீடு இருக்கலாம், வயல் இருக்கலாம், காடு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஸ்ட்ரீட் அப்படியில்லை. அது ஊருக்குள்ளே இருப்பது; இரண்டு பக்கமும் வீடுகளோ கடைகளோ வரிசையாக இருந்தால்தான் அது ஸ்ட்ரீட். காட்டுக்குள் ஒரு ரோட் போகலாம். காட்டுக்குள் ஸ்ட்ரீட் இருக்க முடியாது. ரோட் என்றால் அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும். ஸ்ட்ரீட் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். மற்ற எல்லாச் சொற்களையும் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு சொற்களின் பிறப்பே வேறு. ரோட் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் குதிரையில் ஏறிச் செல்வதைக் குறித்தது. ஏறிச் செல்வதைக் குறிக்கும் ரைட் என்ற வினைச்சொல்லின் உறவு அது. முதலில் அது இடத்தின் பெயரல்ல, பயணத்தின் பெயர். குதிரைப் படையாகப் போய்த் தாக்குவதும் அதே சொல்தான். இன்று பொலிஸார் திடீர்ச் சோதனை நடத்துவதை ரெய்ட் என்கிறோமே, அது ரோட் என்ற இதே சொல்லின் ஸ்கொட்லாந்து வடிவம். எதிரியின் எல்லைக்குள் ஊடுருவுவதை இன்ரோட் என்பார்கள். அதிலும் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. நாம் நடந்தோ வண்டியிலோ போகும் வழி என்ற பொருளில் ரோட் வழக்கத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன் ஆங்கிலேயர் வே என்றும் ஸ்ட்ரீட் என்றும் பாத் என்றும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ட்ரீட் மிகப் பழைய கடன்சொல். இலத்தீனில் கல் பரப்பிய வழியை வியா ஸ்ட்ராட்டா என்றார்கள். அந்த ஸ்ட்ராட்டாதான் ஸ்ட்ரீட் ஆனது. ரோமர்கள் பிரித்தானியாவில் போட்ட நெடும்வழிகளுக்கு இன்றும் ஸ்ட்ரீட் என்றே பெயர். டோவரிலிருந்து லண்டன் ஊடாகப் போகும் வொட்லிங் ஸ்ட்ரீட் அவற்றில் ஒன்று. அதாவது ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் போகும் வழிக்கும் அந்தச் சொல் பொருந்தியது. பிறகு ரோட் வந்து வெளிவழிகளை எடுத்துக்கொண்டது, ஸ்ட்ரீட் ஊருக்குள் நின்றுவிட்டது. லண்டனின் பழைய நடுப்பகுதியான சிட்டி என்ற சதுர மைல் பரப்பில் ரோட் என்று முடியும் பெயரே நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. 1994இல் எல்லையை மாற்றியபோதுதான் கொஸ்வெல் ரோட்டின் ஒரு பகுதி அதற்குள் வந்தது. பழைய நகரத்துக்குள் இருந்தவை எல்லாம் ஸ்ட்ரீட், லேன், அலி. வெளியே போகிறவைதான் ரோட்.

இனிக் கொழும்புக்கு வாருங்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் உள்ள பழைய பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். யோர்க் ஸ்ட்ரீட், சத்தாம் ஸ்ட்ரீட், மெயின் ஸ்ட்ரீட், கெய்சர் ஸ்ட்ரீட், டாம் ஸ்ட்ரீட், சீ ஸ்ட்ரீட், முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு. நகரத்தை விட்டு வெளியே போகிறவற்றைப் பாருங்கள். காலி ரோட், கண்டி ரோட், நீர்கொழும்பு ரோட். லோட்டஸ் ரோட் போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் பெரும்போக்கு அதுதான். காலி ரோட் என்பதற்குக் காலிக்குப் போகும் வழி என்பதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மெயின் ஸ்ட்ரீட் எங்கேயும் போகவில்லை, அது கடைவீதி. சேலை எடுக்கப் போகிறவர்கள் மெயின் ஸ்ட்ரீட்டுக்குத்தான் போகிறார்கள், அதன் வழியாக இன்னோர் ஊருக்குப் போவதில்லை.

இந்த இடத்தில் நம்முடைய தமிழ்ப் பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. ஆங்கிலேயர் கடலைப் பார்த்து சீ ஸ்ட்ரீட் என்று பெயர் வைத்த இடத்தை நாம் செட்டியார் தெரு என்கிறோம். சிங்களத்தில் ஹெட்டி வீதிய என்கிறார்கள், அதுவும் செட்டிமார் தெருதான். வந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், வாழ்ந்தவர்கள் அங்கிருந்த மனிதரைப் பார்த்தார்கள். பழைய சோனகத் தெரு, புதுச் சோனகத் தெரு, தட்டாரத் தெரு என்று பாருங்கள். தெரு என்று முடியும் கொழும்பின் பழைய தமிழ்ப் பெயர்கள் பலவும் ஒரு மக்கள் கூட்டத்தையோ தொழிலையோ முன்னால் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலண்ட், அடிமைத் தீவு என்று எழுதிவைத்த பகுதியைத் தமிழர் ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை. நமக்கு அது கொம்பனித் தெரு. பெட்டா என்ற ஆங்கிலப் பெயரே நம் பேட்டையிலிருந்து போனதுதான்.

ஆகவே தங்கச்சி, ஸ்ட்ரீட் என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் தெரு. ரோட் என்பதற்கு வீதி என்று நாம் இலங்கையில் எழுதுகிறோம், தமிழ்நாட்டில் சாலை என்று எழுதுகிறார்கள். நமக்குச் சாலை என்றால் முதலில் பாடசாலையும் வைத்தியசாலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இலங்கைத் தமிழில் வீதி என்ற சொல் ரோட், ஸ்ட்ரீட் இரண்டையும் சேர்த்து மூடிவிடுகிறது. காலி ரோட்டும் காலி வீதி, மெயின் ஸ்ட்ரீட்டும் பிரதான வீதி. நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: தமிழில் வீதி என்று நினைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் எந்தக் கதவு நமக்குரியது என்று தெரியாமல் நிற்போம்.

அடுத்தது லேன். வெள்ளவத்தைப் பிள்ளைக்கு லேன் என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. காலி வீதியை ஒட்டிய இலக்கமிட்ட ஒழுங்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் லேன். கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிறவர்கள் 57ஆவது ஒழுங்கை என்று கேட்டுப் போவார்கள், ஆங்கில முகவரியில் அது ஃபிஃப்டி செவன்த் லேன். ஆங்கிலத்தில் லேன் என்றால் முதலில் வேலிகளுக்கு இடையே போகும் ஒடுங்கிய நாட்டுப்புற வழி. நம் ஒழுங்கையும் அதேதான். யாழ்ப்பாணத்து ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கிடுகு வேலியோ பனைமட்டை வேலியோ இருக்கும், நடுவில் ஒரு மாட்டு வண்டி போக இடம். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சோடி இரண்டு மொழிகளுக்கு இடையே அதிகம் கிடைக்காது. தமிழ்நாட்டில் சந்து என்பார்கள். ஒழுங்கை என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, அதற்காக நாம் அந்தச் சொல்லை விட்டுவிடத் தேவையில்லை. ஆங்கிலத்தில் லேனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அகன்ற வீதியில் வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு வரிசையும் லேன். பஸ்ஸுக்கென்று ஒதுக்கிய வரிசையை பஸ் லேன் என்பது அதனால்தான்.

அலி என்பது லேனைவிட ஒடுங்கியது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, பெரும்பாலும் நடந்து மட்டும் போகக்கூடிய இடுக்கு. பிரெஞ்சு மொழியில் போதல் என்ற வினையிலிருந்து வந்தது.

உங்கள் கட்டுரையில் சிவப்பு வட்டம் விழுந்த அவெனியூவுக்கு வருகிறேன். இதுவும் பிரெஞ்சுச் சொல்தான், வந்து சேர்தல் என்பது அதன் அடி. பெரிய மாளிகைகளுக்கு வெளி வாசலிலிருந்து வீட்டு முகப்பு வரை இரண்டு பக்கமும் மரம் நட்டு வழி அமைப்பார்கள். அந்த வரவேற்பு வழிதான் முதலில் அவெனியூ. பிறகு நகரங்களில் அகலமான, மரங்கள் வரிசையாக நிற்கும் வீதிகளுக்கும் அதே பெயர் வந்தது. கொழும்பில் சுதந்திரச் சதுக்கத்தை ஒட்டிப் போகும் இன்டிபென்டன்ஸ் அவெனியூ அந்தப் பொருளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சில இடங்களில் சின்னக் குறுக்கு வீதிக்கும் அவெனியூ என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயர் வைத்தவர்களின் ஆசை அது, சொல்லின் பொருளல்ல. மரமில்லாத, மூன்று பேர் சேர்ந்து நடக்க முடியாத உங்கள் ஒழுங்கையை அவெனியூ என்று எழுதினால் படிக்கிறவர் மனதில் வேறு இடம் வந்து நிற்கும்.

பொலெவாட் இன்னும் தூரம். அது டச்சு மொழியில் கோட்டைக் கொத்தளத்தைக் குறித்த சொல். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் பாரிஸின் மதில்களை இடித்து, அந்த இடத்தில் மரங்கள் நட்டு அகன்ற உலா வீதிகளை அமைத்தார்கள். மதில் போனாலும் பெயர் வீதிக்கு ஒட்டிக்கொண்டது. கொழும்புக் கோட்டையின் மதில்களையும் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், ஆனால் இங்கே அந்தச் சொல் வரவில்லை. உங்கள் கட்டுரையில் அதற்கு வேலையே இல்லை.

பிளேஸ் என்று முடியும் பெயர்களைக் கறுவாத்தோட்டத்தில் நிறையப் பார்த்திருப்பீர்கள். வோர்ட் பிளேஸ், ஹோர்ட்டன் பிளேஸ், பார்ன்ஸ் பிளேஸ், ரொஸ்மீட் பிளேஸ். எல்லாம் இலங்கையை ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதிகளின் பெயர்கள். பிளேஸ் என்றால் இடம் என்று மட்டும் தெரிந்தவருக்கு இது விளங்காது. கிரேக்கத்தில் அகன்ற வீதியைக் குறித்த சொல் இலத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து பிளேஸ் ஆனது. இத்தாலியரின் பியாற்சா, ஸ்பானியரின் பிளாசா எல்லாம் அதன் சகோதரங்கள். ஆக வோர்ட் பிளேஸில் இருக்கும் பிளேஸ், பழைய பொருளில் வீதியேதான். டிரைவ் என்பது வண்டியில் போவதற்கென்றே அமைந்த வழி, பெரும்பாலும் பார்க்க அழகான இடத்தை ஒட்டிப் போவது. கடலோரமாகப் போகும் மரைன் டிரைவைத் தெரிந்த உங்களுக்கு அதற்கு மேல் உதாரணம் வேண்டாம். கிறசென்ட் பிறைபோல் வளைந்த வீதி.

பார்ன்ஸ் என்ற பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இலங்கையில் ரோட் என்ற சொல்லுக்கு உருவம் கொடுத்தவர் சேர் எட்வர்ட் பார்ன்ஸ்தான். 1820களில் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிகள் போகக்கூடிய வீதி அவர் காலத்தில் அமைந்தது. கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அந்த வீதியைப் போட்ட பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்டது. கோட்டையில் ஜனாதிபதி மாளிகை அருகே இருக்கும் பார்ன்ஸின் சிலையிலிருந்துதான் நாட்டின் வீதித் தூரங்களை முன்பு அளந்தார்கள். அந்த வீதியைப் போட்டதன் முதல் நோக்கம் கைப்பற்றிய கண்டி நாட்டுக்குப் படையையும் பொருளையும் கொண்டுபோவது. குதிரைப் படையெடுப்பைக் குறித்த அந்தச் சொல்லின் பழைய பொருள் இங்கேயும் பின்னால் நிற்கிறது.

ஹைவே என்றால் நெடுஞ்சாலை என்று உங்களுக்குத் தெரியும். ஹை என்பது இங்கே உயரத்தைக் குறிக்கவில்லை, முதன்மையைக் குறிக்கிறது. ஊர்களை இணைக்கும், எல்லோரும் போக உரிமையுள்ள பெருவழி ஹைவே. இலங்கைத் தமிழில் பெருந்தெரு என்ற அழகான சொல்லும் அரச வழக்கில் உண்டு. இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெருவழி என்று வரும், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழி என்று கல்வெட்டே இருக்கிறது. அதே கருத்து, அதே சொல்லாக்கம், ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்ததல்ல. 2011இல் கொட்டாவையிலிருந்து காலிக்குத் திறந்த தெற்கு அதிவேக வீதிக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்பிரஸ்வே. அதில் நடந்தோ முச்சக்கர வண்டியிலோ போக முடியாது, குறிப்பிட்ட இடங்களில்தான் ஏறி இறங்கலாம். ஆகையால் எக்ஸ்பிரஸ்வேயையும் ஹைவேயையும் ஒன்றாக எழுதக் கூடாது. பேச்சில் எல்லோரும் "ஹைவேல போனோம்" என்றுதான் சொல்கிறார்கள், அது பேச்சு. தரோஃபெயர் என்று ஒரு சொல் உண்டு. ஊடாகப் போய் மறுபுறம் வெளியேறக்கூடிய வழி என்பது பொருள். ஒழுங்கை முனையில் "நோ தரோஃபெயர்" என்று பலகை இருந்தால் அந்தப் பக்கம் வழியில்லை என்று அர்த்தம். சட்டத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது, நம் நாட்டில் 1861ஆம் ஆண்டின் வீதிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே அது வருகிறது. கட்டுரைக்கு அது கனமான சொல்.

ரூட்டைப் பற்றி நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பலரும் அதிகம் பிழைவிடுவது இதில்தான். ரூட் தாரும் கல்லும் போட்ட பொருளல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எந்த எந்த வீதி வழியாகப் போவது என்ற தெரிவுதான் ரூட். 155ஆம் இலக்க பஸ் கல்கிசைப் பக்கமிருந்து மட்டக்குளிக்குப் போகிறது. அது காலி வீதியில் தொடங்கி எத்தனையோ வீதிகளில் திரும்பித் திரும்பிப் போகிறது, ஆனால் ரூட் ஒன்றுதான். காலி வீதி என்ற ஒரே ரோட்டில் 100, 101 என்று பல ரூட்கள் ஓடுகின்றன. ரோட்டில் குழி விழும், ரூட்டில் குழி விழாது. "எங்கள் ரூட்டில் பத்து வீடுகள் உள்ளன" என்று எழுதியிருந்தால் ஆசிரியர் வட்டமிட்டது நியாயம்தான்.

பாத் காலால் நடந்து நடந்து உண்டான வழி, அல்லது நடப்பதற்கென்று அமைத்த வழி. கொழும்பு 07இல் கிரீன் பாத் என்று இன்னமும் பலரும் சொல்லும் வீதிக்கு இப்போது ஆனந்த குமாரசாமி மாவத்தை என்று பெயர். வே எல்லாவற்றையும்விடப் பொதுவான சொல், நம்முடைய வழி போல. போகும் வழியும் வே, செய்யும் முறையும் வே. நமக்கும் அப்படித்தானே, "அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ" என்கிறோம்.

தமிழில் பாதை என்ற சொல் என்ன செய்கிறது என்று யோசிக்கும்போது எனக்கு ஏ9 நினைவு வருகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அந்த வீதி அரச ஆவணத்தில் வீதிதான். ஆனால் 2002இல் போர்நிறுத்தத்தின்போது அது திறந்தபோதும், 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோதும், 2009இல் மீண்டும் திறந்தபோதும் வெள்ளவத்தையில் இருந்த வடபகுதிச் சனங்கள் "பாதை திறந்தாச்சா?", "பாதை பூட்டிட்டாங்களாம்" என்றுதான் கேட்டார்கள். தாரும் வெள்ளைக் கோடும் அப்படியே இருக்க, போகும் வாய்ப்பு மட்டும் இல்லாமல் போனபோது, வீதி பூட்டியதென்று யாருக்கும் வாய் வரவில்லை. வீதி தரையில் கிடப்பது. பாதை ஊருக்குப் போய்ச் சேர்வது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை ரோட்டும் வேயும் தாங்குகின்றன, ஒரே இடத்தைப் பற்றிப் பேசும்போதுகூட. எந்த மொழியிலும் ஒத்த சொற்கள் இப்படித்தான் நிற்கின்றன: பொருள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் பேசுகிறவர் எந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைச் சொல்தான் காட்டும். பழந்தமிழில் ஆறு என்றாலும் வழிதான். ஆற்றுப்படை என்றால் வழிகாட்டி அனுப்புவது. மறுகு என்றால் தெரு. இவற்றையும் நிகண்டுகள் ஒரே வரிசையில் வைக்கும், அதற்காக இன்று "மறுகில் பஸ் வந்தது" என்று யாரும் எழுத மாட்டார்கள்.

ரோட்டுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, துறைமுக நகரத்தில் வாழும் நாம் அதைத் தெரிந்திருக்க வேண்டும். கப்பல்கள் கரைக்கு வராமல், கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் திறந்த கடற்பரப்பை ஆங்கிலத்தில் ரோட்ஸ் அல்லது ரோட்ஸ்டெட் என்பார்கள். கடலைப் பற்றிய பழைய ஆங்கில ஏடுகளில் கப்பல் "கொழும்பு ரோட்ஸில்" நின்றது என்று இருந்தால், கப்பல் எப்படி வீதியில் நிற்கும் என்று திகைக்க வேண்டாம். அலைதாங்கி கட்டும்வரை கொழும்பில் பெரிய கப்பல்களுக்கு அப்படித்தான் நிலை. பொருளும் ஆட்களும் படகில்தான் கரைக்கு வரவேண்டும். தென்மேற்கு அலைதாங்கிக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார், 1885இல் வேலை முடிந்தது. அதன் பிறகுதான் காலித் துறைமுகத்துக்கு இருந்த முதலிடம் கொழும்புக்கு வந்தது. வேடிக்கையாக, நம் மொழியிலும் பாதை தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் களப்பைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்குப் பெயரே பாதை. கிழக்கிலிருந்து வந்தவர் "பாதையில ஏறி வந்தன்" என்றால் அது நிலத்துப் பாதையல்ல.

பேவ்மென்ட் ஒத்த சொல் பட்டியலில் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானிய ஆங்கிலத்திலும் நமக்குப் பழகிய இலங்கை ஆங்கிலத்திலும் பேவ்மென்ட் என்றால் வீதியோரத்தில் நடப்பதற்கு உயர்த்திக் கட்டிய நடைபாதை. புறக்கோட்டையில் பேவ்மென்ட் வியாபாரிகள் என்று சொல்வது அந்தப் பொருளில்தான். அமெரிக்காவில் அதற்கு சைட்வோக் என்று பெயர். அங்கே பேவ்மென்ட் என்றால் வாகனம் ஓடும் தார்ப்பரப்பையே குறிக்கலாம். அமெரிக்கர் எழுதிய வாகனக் கையேட்டைப் படிக்கும்போது இதைக் கவனிக்காவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும்.

சேர்ந்து வரும் சொற்களில் இன்னும் கண்டிப்பு இருக்கிறது. விபத்து ரோட்டுக்குச் சொந்தம், ரோட் அக்சிடென்ட். விளக்கு ஸ்ட்ரீட்டுக்குச் சொந்தம், ஸ்ட்ரீட் லைட். சோதனைச் சாவடியோ மறியலோ இருந்தால் ரோட் புளொக். உணவு விற்றால் ஸ்ட்ரீட் ஃபூட். வாகனமும் பயணமும் சேர்ந்தால் ரோட், மனிதரும் வாழ்க்கையும் சேர்ந்தால் ஸ்ட்ரீட். முன்னே சொன்ன அதே வேறுபாடுதான். பயணத்தில் இருப்பவர் ஒன் த ரோட். வீடிழந்தவர் ஒன் த ஸ்ட்ரீட்ஸ். நாமும் "நடுத்தெருவில் விட்டுவிட்டான்" என்றுதான் சொல்கிறோம், நடுவீதியில் என்று சொன்னால் வாகனத்தின் முன்னால் விட்டதுபோல் கேட்கிறது. மக்கள் ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்படுவதை ஆங்கிலத்தில் ஸ்ட்ரீட்ஸை வைத்துச் சொல்வார்கள். இலங்கைத் தமிழில் வீதிக்கு இறங்கினார்கள் என்கிறோம், இங்கே மட்டும் வீதி தெருவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முகவரி எழுதும்போது இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பெயர்ப்பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். ஒடுங்கிய வழிக்கு அவெனியூ என்று பெயரிருந்தால் அவெனியூ என்றே எழுதுங்கள். பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து குழப்பும் இடங்கள் கொழும்பில் அதிகம். காலி வீதிக்குச் சமாந்தரமாக, அதன் இரட்டைபோல அமைந்ததால் டூப்ளிகேஷன் ரோட் என்று வந்த பெயர் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று மாறி எத்தனையோ காலமாகிவிட்டது, முச்சக்கர வண்டிக்காரரிடம் இன்றும் டூப்ளிகேஷன் ரோட் என்றால்தான் உடனே புரியும். கடிதத்தில் மாவத்தை என்று எழுதுங்கள், அதை ரோட் என்றோ ஸ்ட்ரீட் என்றோ மொழிபெயர்க்க வேண்டாம். ஆங்கிலச் சுருக்கங்களில் எஸ், டி என்ற இரண்டு எழுத்தைக் கண்டால் இடத்தைப் பாருங்கள்: பெயருக்கு முன்னால் வந்தால் அது செயின்ட், பின்னால் வந்தால் ஸ்ட்ரீட்.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். நீங்கள் இருப்பது காலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் முதல் வரியிலேயே லேன் என்று எழுதுங்கள். அதுதான் அதன் பெயர், அதுதான் அதன் தன்மையும். காலி வீதியைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் ரோட் அல்லது மெயின் ரோட் என்று வையுங்கள். உங்கள் ஒழுங்கையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைச் சொல்லும் வரியில், வீதியின் நடுவிலே ஆடுகிறார்கள் என்ற பொருளில் இன் த லேன் என்று எழுதுங்கள், ஒன் வேண்டாம். பஸ்ஸைப் பற்றிய பந்தியில் ரூட் தாராளமாக வரலாம், அங்கே அது சரியான சொல். ஹைவே, அவெனியூ, பொலெவாட் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

பிறகும் லேன் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தோன்றினால், அதற்கு மருந்து ஒத்த சொல் அல்ல. இட் என்றும் தெயர் என்றும் சுட்டுச்சொற்கள் எதற்கு இருக்கின்றன? ஒரு வரியில் லேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு வரிகளை அவற்றைக் கொண்டே நடத்தலாம். வீதியை எழுவாயாக வைக்காமல் அதில் உள்ளவற்றை எழுவாயாக வையுங்கள்: மூலைக் கடை, அதிகாலையில் வரும் பாண் முச்சக்கர வண்டி, மதிலோரத்துக் கொய்யா மரம், ஒழுங்கை முனையில் கேட்கும் ரயில் சத்தம். "எங்கள் ஒழுங்கை ஒடுக்கமானது, எங்கள் ஒழுங்கை சத்தமானது" என்று இரண்டு வரி எழுதுவதைவிட, எதிரெதிரே இரண்டு முச்சக்கர வண்டி வந்தால் ஒன்று பின்னோக்கிப் போகத்தான் வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். லேன் என்ற சொல் அந்த வரியில் வரவே தேவையில்லை, வாசிப்பவருக்கு எவ்வளவு அகலம் என்று தெரிந்துவிடும். ஆசிரியர் கேட்டதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். மாற்றி எழுதிய பிரதியை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.